காரணம் எழுதும் கட்டம்

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பூட்டு என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு அது தெரியும். "பூட்டுன்னுதானே சொல்றாங்க? ஓட்டைன்னு சொன்னாத்தான் கவலைப்படணும்" என்பாள்.

முப்பத்துநான்கு வருஷம் ஒரே வேலை, ஒரே அறை. எக்ஸ்ரே பிரிவைத் தாண்டி, மருந்துக் கிடங்குக்கு எதிரே இருந்த ரெக்கார்டு ரூம். மார்பளவு உயரத்தில் ஒரு கவுண்டர். அதற்குப் பின்னால் இரும்பு ரேக்குகள், அவற்றில் நோயாளிகளின் ஃபைல்கள். பெயர் வரிசையில் அடுக்க மாட்டார்கள். நோயாளி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் ரேக் எண். 48213 என்றால் பதின்மூன்றாம் ரேக். பூஜ்யம் பூஜ்யம் முதல் தொண்ணூற்றொன்பது வரை நூறு ரேக். இப்படி வைத்தால் புது ஃபைல்கள் ஒரே மூலையில் குவியாது, எல்லா ரேக்கும் சமமாக நிரம்பும். இதே விஷயத்தைக் கல்லூரியில் வேறு பெயரில் ஒரு செமஸ்டர் படித்தேன். வீட்டுக்கு வந்து ஆர்வமாக விளக்கினேன். அம்மா கடைசிவரை கேட்டாள். "இதுக்கா ஆறு மாசம்?" என்றாள்.

அந்த அறையில் இரண்டு காகிதங்கள் முக்கியம். ஒன்று மஞ்சள் தாள். எல்லா ஃபைலிலும் முதல் பக்கம் அதுதான். என் விவரங்களை இன்னாரிடம் சொல்லலாம் என்று நோயாளி தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெயர் இல்லாதவர் கணவனாக இருந்தாலும், பெற்ற பிள்ளையாக இருந்தாலும், ஃபைல் கிடையாது.

"நான் அவ புருஷன்மா!" என்று ஒருவர் கவுண்டரைத் தட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு அங்கேதான் வருவேன்.

"பார்த்தாலே தெரியுதுங்க. மஞ்சத் தாள்லதான் தெரியலை" என்றாள் அம்மா.

இரண்டாவது, சீட்டு. ஃபைலை ரேக்கிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் டாக்டரே ஆனாலும் சீட்டு எழுத வேண்டும். எந்த எண், யார் கேட்கிறார், என்ன தேதி, என்ன காரணம் என்று நான்கு கட்டம். அந்தச் சீட்டு ஃபைலின் கடைசியில் நிரந்தரமாகச் சேர்ந்துவிடும். தன் ஃபைலை யார் யார் எதற்காகப் பார்த்தார்கள் என்று நோயாளி எப்போது வேண்டுமானாலும் வந்து படிக்கலாம்.

அம்மாவின் பிடிவாதமெல்லாம் நான்காவது கட்டத்தில். "சொந்தக் காரணம்" என்று எழுதினால் சீட்டு திரும்பி வரும். "அலுவல் காரணம்" என்றாலும் அதே கதைதான். "சொந்தம், அலுவல் ரெண்டையும் விட்டா உலகத்துல வேற காரணமே கிடையாது. அதை எழுதறதும் ஒண்ணுதான், எழுதாம விடறதும் ஒண்ணுதான்" என்பாள். பெரிய டாக்டர்கள்கூட முணுமுணுத்துக்கொண்டே இரண்டாம் முறை எழுதுவார்கள்.

தெருவில் அம்மாவுக்குத் தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர். தெரிந்த முகம் எதிரே வந்தாலும் தானாகச் சிரிக்க மாட்டாள். அவர்கள் முதலில் சிரித்தால் சிரிப்பாள். பஸ் நிறுத்தத்தில் ஒருமுறை இதைக் கேட்டேன்.

"நான் போய்ச் சிரிச்சா, இவங்க யாருன்னு கூட நிக்கிறவங்க கேட்பாங்க. ஆஸ்பத்திரியில பழக்கம்பாங்க. எதுக்கு ஆஸ்பத்திரி போனேம்பாங்க. ஒரு சிரிப்புல எத்தனை கேள்வி பாரு."

வீட்டிலும் அதே அம்மாதான். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அதே ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்திருந்தாள். என்னவென்று யாரிடமும் சொல்லவில்லை. அத்தையைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதிக்கோ. நோய் பேரை மட்டும் போட்டே, தொலைச்சுடுவேன்" என்றாள்.

ஐந்தாம் நாள் சாப்பாட்டு மேசையில் அப்பா கேட்டார். "அவளுக்கு என்னவாம்?"

"அவகிட்டயே கேளுங்க."

"என் கூடப்பிறந்தவ. எனக்குத் தெரியக் கூடாதா?"

"தெரியட்டுமே. அவ வாயால தெரியட்டும்."

"நீ ஃபைலைப் பார்த்தியா இல்லையா? அதையாவது சொல்லு."

"அதையும் அவகிட்டயே கேளுங்க."

அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். பத்தொன்பது நாள் பேச்சுவார்த்தை இல்லை. நான் தபால்காரி. "உங்கம்மாகிட்ட சொல்லு, நீலச் சட்டையில பட்டன் இல்லைன்னு." "உங்கப்பாகிட்ட சொல்லு, ஊசி நூல் இருக்கிற இடம் அவருக்கும் தெரியும்னு." மூன்று மீட்டர் தூரத்தில் இருந்த இருவருக்கு நடுவே இந்தத் தபாலை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

இருபதாம் நாள் அத்தையே வந்து அப்பாவிடம் உட்கார்ந்து பேசினாள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, ஊர்ல ஆறு ஆஸ்பத்திரி இருக்கு. அண்ணி இருக்கிற இடமா பார்த்து நான் ஏன் போனேன்? அங்க போனா மட்டும்தான் நம்ம வீட்டுக்குத் தெரிய வராது." அப்பா அன்று சாயங்காலம் பட்டனைத் தானே தைத்துக்கொண்டார்.

பூட்டு என்று சொன்னவர்களுக்கு அம்மாவின் இன்னொரு பக்கம் தெரியாது. ஒரு லாரி டிரைவர் வந்தார். வயிற்றில் ஆபரேஷன் ஆகி நான்கு மாதமாகியும் வலி நிற்கவில்லை. வேறு டாக்டரிடம் காட்ட நகல் கேட்டார். ஆபரேஷன் செய்த டாக்டர், நகலெல்லாம் தர முடியாது என்று விரட்டிவிட்டார். அம்மா விதிப் புத்தகத்தை எடுத்தாள். நோயாளி தன் ஃபைலைத் தானே கேட்டால் மறுக்க அதில் இடமில்லை. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று நூற்று நாற்பது பக்கத்தையும் அன்றே எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டர் கவுண்டருக்கே வந்துவிட்டார். "யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?"

"ஃபைலுக்குச் சொந்தக்காரரைக் கேட்டு சார்."

"ஃபைல் ஆஸ்பத்திரியோடதும்மா."

"அட்டை ஆஸ்பத்திரியோடது சார். உள்ள இருக்கிறது அவர் வயிறு."

இதற்காக விளக்கம் கேட்டு அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அம்மா விதியின் எண்ணை மட்டும் ஒரே வரியில் எழுதி அனுப்பினாள். அதோடு முடிந்தது.

நான் மென்பொருள் வேலைக்குப் போனேன். பெரிய நிறுவனங்களின் தகவல் கிடங்கில் யார் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று விதி எழுதுவது என் வேலை. அம்மாவுக்கு அதில் ரொம்பத் திருப்தி. வெளியே காட்டிக்கொள்ளாமல் குறுக்கு விசாரணை செய்வாள்.

"யார் பார்த்தாங்கன்னு உன் கம்ப்யூட்டர் எழுதி வைக்குமா?"

"விநாடி சுத்தமா எழுதும்மா."

"சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போனவன்?"

"அவன் பேரும் விழும்."

"எதுக்குப் பார்த்தான்னு?"

அது இல்லை. "அப்ப உன் கம்ப்யூட்டர் பாதிச் சீட்டுதான் எழுதுது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த பதிப்பில் காரணம் என்று ஒரு கட்டம் சேர்த்தேன், நிரப்பாமல் உள்ளே போக முடியாதபடி. ஒரு மாதம் கழித்துப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், பாதிப் பேர் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். ஒருவர் "காரணம்" என்றே எழுதியிருந்தார். அம்மாவிடம் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "கட்டம் வச்சா போதுமா? திருப்பிக் கொடுக்க ஒரு ஆள் வேணும்."

அப்பா போய் ஏழு வருஷம் ஆகிறது. அம்மா ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றாள். மூன்று வருஷம் கழித்து நோய் வந்தது. என்ன நோய் என்று இங்கே எழுதப்போவதில்லை. அம்மாவின் மஞ்சள் தாளில் வாசகர்கள் பெயர் இல்லை.

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, போனில் சொல்லாமல் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்து சொன்னாள். எப்போது தெரிந்தது என்று கேட்டேன். "தெரிஞ்சாச்சு. இனிமே ஆக வேண்டியதைப் பார்ப்போம்" என்றாள். அப்போது அதுவே போதுமாக இருந்தது. சிகிச்சை, பரிசோதனை, விடுப்பு என்று ஆக வேண்டியது நிறைய இருந்தது. ஆகஸ்ட்டில் அம்மா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அம்மாவின் தங்கை, என் சித்தி, புடவைகளை மடித்துக்கொண்டே கேட்டாள்: "போன வருஷக் கடைசியிலேயே அக்கா இளைச்சுட்டாளேடி. ஜனவரியில மூணு நாள் வந்து இருந்தியே, உன் கண்ணுல படலையா?"

சித்தி குத்திக்காட்டவில்லை, அழுதுகொண்டேதான் கேட்டாள். ஆனாலும் அந்தக் கேள்வி என்னைவிட்டு நகரவில்லை. ஜனவரியில் அம்மாவுக்கே தெரியாது என்றால், நான் கவனிக்காததற்கு ஒரு சமாதானம் உண்டு. தெரிந்திருந்தால்? பெற்ற பெண்ணிடம் சொல்லத் தோன்றாத அளவுக்கு நான் எங்கே இருந்தேன்? பதில் ஃபைலில் இருக்கும். செப்டம்பரில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்குப் போனேன்.

கவுண்டரில் சின்னப் பூட்டு இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்ததால் நர்ஸுகள் வைத்த பெயர் அது. அம்மாவை அக்கா என்பார். என்னை இன்னும் பாப்பா என்பார், எனக்கு முப்பத்தெட்டு. அம்மா போன அன்று எங்கள் வீட்டு கேட் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றிருந்தார்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அடையாள அட்டை என்று எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துப் போயிருந்தேன். கவுண்டரில் பரப்பினேன்.

"இதெல்லாம் உள்ள வைங்க பாப்பா. இது கோர்ட்டுக்கு ஆகும். இங்க முதல்ல மஞ்சத் தாள்."

உள்ளே போனார். ஃபைலை நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தார். தன் பக்கம் திருப்பி முதல் பக்கத்தை மட்டும் திறந்தார். படித்தார். முப்பத்துநான்கு வருஷம் ஊரையெல்லாம் எழுத வைத்தவள், தனக்கு எழுதினாளா?

"இருக்கீங்க" என்றார். "அப்பா பேரை அடிச்சு, அவர் தவறின தேதி போட்டிருக்காங்க. அடுத்த வரியில நீங்க. முழுசும் பார்க்கலாம்னு இருக்கு."

சீட்டை நீட்டினார். எண், பெயர், தேதி எழுதினேன். நான்காவது கட்டத்தில், யோசிக்கவே யோசிக்காமல், "சொந்தக் காரணம்" என்று எழுதினேன்.

அவர் பார்த்தார். சீட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "யார் வீட்டுப் பொண்ணு நீங்க?"

அடித்துவிட்டு, "பரம்பரை நோயா என்று அறிய" என்று எழுதினேன். விதிப்படி அது செல்லும் என்று எனக்குத் தெரியும்.

"செல்லும்" என்றார் அவரும். "நிஜமா?"

பின்னால் ஒருவர் வரிசையில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார். மூன்றாவதாக எழுதினேன்: "அம்மாவுக்கு எப்போது தெரிந்தது என்று அறிய. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றும்."

படித்துவிட்டு முத்திரை குத்தினார். அவர் கண் கொஞ்சம் சிவந்திருந்தது. "உள்ள வாங்க."

ஜன்னல் ஓரம் ஒரு மேசை. நோயாளிகள் உட்கார்ந்து படிக்கும் இடம். படிக்கிறவரைத் தனியே விடக் கூடாது என்பது விதி. அதனால் அவரும் அதே அறையில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

முதல் அறிக்கையின் தேதி நவம்பர் பதினான்கு.

மார்ச் இல்லை. ஜனவரிகூட இல்லை. நவம்பர். மற்ற பக்கங்களைப் புரட்டினேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. கடைசிக்குப் போனேன். சீட்டுகள் தேதி வரிசையில் குத்தியிருந்தன. டாக்டர், நர்ஸ், ஸ்கேன் பிரிவு. நடுவில் மூன்று சீட்டு அம்மாவின் கையெழுத்தில். ஓய்வு பெற்ற பிறகு அவளும் கவுண்டருக்கு வெளியே நிற்கும் நோயாளிதான்.

இந்த மூன்று சீட்டையும் இங்கே எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அவற்றில் இருப்பது நான். அம்மா இருந்தால் இதற்கும் ஒரு குறுக்குக் கேள்வி போட்டிருப்பாள்.

முதல் சீட்டு, நவம்பர் பதினெட்டு. காரணக் கட்டத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதி, அடிக்கப்பட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போன பிறகு முதல் தடவை.

அவர் திரும்பாமலே கேட்டார். "முதல் சீட்டா?"

"ஆமா. அடிச்சிருக்கு."

"நான்தான் திருப்பிக் கொடுத்தேன். அக்காகிட்டயே திருப்பிக் கொடுக்கிறதுன்னா சும்மாவா? வாங்கிப் பார்த்தாங்க. 'அடப்பாவி, எனக்கேவா'ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க, எக்ஸ்ரே ரூம்லேர்ந்து ஆள் எட்டிப் பார்த்துச்சு."

அடித்ததற்குக் கீழே: "டாக்டர் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. மகளிடம் சொல்லும் முன் நானே நிதானமாகப் படிக்க."

இரண்டாவது, ஜனவரி ஒன்பது. "மகள் பதினொன்றாம் தேதி வருகிறாள். தப்பில்லாமல் சொல்ல வேண்டும். குறிப்பு எடுக்க."

பதினொன்றாம் தேதி நான் வந்தேன். அலுவலகத்தில் ஒரு கணினி அமைப்பு முழுவதும் விழுந்து, இரண்டு வாரம் சரியாகத் தூங்காமல் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு வந்திருந்தேன். மூன்று நாளில் இரண்டு நாள் தூங்கினேன். எழுந்தால் சாப்பாடு இருந்தது. பஸ் ஏற்றிவிடும்போது அம்மா, "நல்லாத் தூங்கினியா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமாம்மா" என்றேன்.

மூன்றாவது, மார்ச் எட்டு. கட்டம் போதாமல் எழுத்து ஓரத்துக்கு ஏறி, சீட்டின் பின்பக்கம் போயிருந்தது. "போன முறை சொல்லவில்லை. அவ்வளவு அசந்து தூங்குகிறவளை எழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை. அது என் தவறு, அவள் தவறு இல்லை. நாளை நானே போய்ச் சொல்கிறேன். தேதிகளைச் சரிபார்க்க."

அதை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இந்தச் சீட்டைப் படிக்க வரப்போவது யார் என்று அம்மாவுக்குத் தெரியும். மஞ்சள் தாளை எழுதியவள் அவள்தானே.

கண்ணைத் துடைத்துக்கொண்டபோது கோபம்தான் முதலில் வந்தது. "உங்களுக்கு நவம்பர்லயே தெரியும்" என்றேன் அந்த முதுகைப் பார்த்து.

"தெரியும் பாப்பா."

"மூணு தடவை வந்தாங்க. மூணு தடவையும் எடுத்துக் கொடுத்தீங்க. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம்."

"ஏன் போடலை?"

இப்போது திரும்பினார். "நான் சொல்றேன்னு அக்கா எழுதிக் கொடுத்திருக்காங்க. அதுக்கு முன்னாடி முந்திக்க நான் யாரு? தினமும் சாயங்காலம் பூட்டும்போது கை போன் பக்கம் போகும். எடுத்திருந்தா, மறுநாள் இந்த நாற்காலியில எப்படி உட்காருவேன்?"

அத்தை வாசலில் செருப்பு மாட்டிய காட்சி நினைவுக்கு வந்தது. ஊரில் ஆறு ஆஸ்பத்திரி. அம்மாவும் தேர்ந்தெடுத்துத்தான் வந்திருக்கிறாள்.

"நன்றிங்க" என்றேன். அவர் வேறு எங்கோ பார்த்தார்.

நகல் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் சீட்டைக் கடைசியில் குத்தினார், இரண்டு அடித்தல்களோடு. அம்மாவின் சீட்டில் ஒரு அடித்தல்தான். ஃபைலை எடுத்துக்கொண்டு அறுபத்திரண்டாம் ரேக்குக்கு நடந்தார். அவ்வளவு உயரமான, அவ்வளவு ஒழுங்கான ரேக்குகள். தூசி இல்லை. ஒரு ஃபைல்கூட வரிசையைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. இதெல்லாம் என் அம்மா என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எக்ஸ்ரே வாசலில் நின்ற ஒருவரிடம் சொல்லியும்விட்டேன். அவர் பயந்து தள்ளி நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி போன் செய்தாள். மூன்று சீட்டையும் பற்றிச் சொன்னேன். அழுதாள். "உன் கண்ணுல படலையான்னு கேட்டேனே, மனசுல வச்சுக்காதேடி" என்றாள்.

"நிஜமாவே படலை சித்தி. நீ கேட்டது சரிதான்."

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள். "சரி, அந்த ரிப்போர்ட்ல என்னதான் போட்டிருந்தான்? எவ்வளவு முத்திப்போச்சாம்? டாக்டர் என்ன எழுதியிருந்தார்?"

"அதைச் சொல்ல முடியாது சித்தி."

"என்னது?"

"மஞ்சத் தாள்ல உன் பேர் இல்லை."

"அடியே, அவ என் கூடப்பிறந்தவ! நான் தூக்கி வளர்த்த பொண்ணு நீ!"

"தெரியுது சித்தி. தாள்லதான் தெரியலை."

போன் பட்டென்று வைக்கப்பட்டது. அன்றிலிருந்து சித்தி என்னோடு பேசுவதில்லை. இன்று பதினோராம் நாள். எங்கள் வீட்டுக் கணக்கு பத்தொன்பது. காத்திருக்கிறேன்.